வேலைக்குக் கூப்பிட வாய் போதும், கூலி கொடுக்க மட்டும் காகிதம் வேண்டுமா?

புயலுக்கும் வெள்ளத்துக்கும் பிறகு நம் அரசு அலுவலகங்களில் இரண்டு விதமான தமிழ் பேசப்படுகிறது. முதல் தமிழ் போனில் வருவது: "ஏப்பா, நாளைக்கு மேலதிகாரி பார்வையிட வாராரு. ராத்திரியோட ராத்திரியா அந்த உடைப்ப அடைச்சுரு. பில்லெல்லாம் பாத்துக்கிடலாம்." இரண்டாவது தமிழ் கோப்பில் இருப்பது: "மேற்படி பணிக்கு நிர்வாக அனுமதி பெறப்படவில்லை. வேலை உத்தரவு வழங்கப்பட்டதற்கான பதிவு இல்லை. எனவே கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல." இரண்டையும் பேசுவது ஒரே நாற்காலி. நடுவில் கழிந்திருப்பது எட்டு மாதமோ ஒன்றரை வருடமோ. அந்த இடைவெளியில் மண்ணைச் சுமந்தவன், மூட்டையை அடுக்கியவன், ஜேசிபிக்கு வாடகை கொடுத்தவன், டீசலுக்குக் கடன் சொன்னவன் எல்லோரும் தெருவில் நிற்கிறார்கள்.

"காண்ட்ராக்டர்களுக்குப் பில் பாக்கி" என்று செய்தி வந்தால் நம் தோழர்களில் பாதிப் பேர் அதைப் படிக்காமல் தாண்டிப் போகிறார்கள். காண்ட்ராக்டர் என்றால் முதலாளி, முதலாளிக்குப் பாக்கி என்றால் நமக்கென்ன என்ற நினைப்பு. அச்சன்புதூர், பண்பொழி, வடகரை, கடையநல்லூர், தென்காசி வட்டாரத்தில் காலனிகளுக்குள் நடந்து வேலை பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பாக்கி கடைசியில் வந்து சேருகிற வீடு நம் வீடுதான். அதனால் இது நம் பிரச்சினை.

எந்தக் காண்ட்ராக்டர்?

"காண்ட்ராக்டர்" என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு பேர் இருக்கிறார்கள்.

முதல் ஆள், பதிவு பெற்ற முதல்நிலை ஒப்பந்தக்காரர். வயல் இருக்கும், கல்குவாரியில் பங்கு இருக்கும், ஏதாவது ஒரு கட்சிக் கரைவேட்டி இருக்கும். அலுவலகத்துக்குள் நுழைந்தால் "வாங்க அண்ணாச்சி" என்று நாற்காலி வரும். இரண்டாவது ஆள், அவரிடம் வேலையை வாங்கி வெட்டிக்கொடுக்கிற சப்-காண்ட்ராக்டர். மூன்றாவது ஆள், பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வருகிற மேஸ்திரி. இவர் பெரும்பாலும் நம் தெருக்காரர். கொஞ்சம் படித்து, உள்ளாட்சியில் சின்னதாய்ப் பதிவு செய்து, தன் பெயருக்கே ஒரு லெட்டர் பேடு அடித்து, "நானும் காண்ட்ராக்ட் எடுக்கேன்" என்று நிமிர்ந்தவர்களும் இந்த வரிசையில் உண்டு. இவர்களை அலுவலகத்தில் "ஏப்பா", "நீ" என்றுதான் கூப்பிடுவார்கள். நான்காவது, கொத்தனார், சித்தாள், மண்வெட்டி ஆள், சாக்கடைக்குள் இறங்குகிற ஆள்.

பணம் மேலிருந்து கீழே வருகிறது. தாமதமும் மேலிருந்து கீழேதான் வருகிறது. பணம் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் குறையும். தாமதம் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் கூடும். முதல் ஆளுக்கு மூன்று மாதம் பாக்கி என்றால் இரண்டாம் ஆளுக்கு ஆறு மாதம். மேஸ்திரிக்கு ஒரு வருடம். சித்தாளாகப் போன அக்காவுக்கு "அடுத்த வேல வரும்போது சேத்துத் தாரேன்" என்ற வாக்கு. அந்த அக்கா பாதிக்கூலியை மறந்தே போயிருப்பாள், ஏனென்றால் நினைவில் வைத்துக்கொண்டு சண்டை போட்டால் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

பேரிடர் வேலையில் பில் எப்படி மாட்டிக்கொள்கிறது?

சாதாரண நாளில் ஒரு சின்ன வேலைக்குக்கூட மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், முன்வைப்புத் தொகை, ஒப்பந்தம், வேலை உத்தரவு, அளவுப் புத்தகம், பார்ட் பில், ஃபைனல் பில், தணிக்கை என்று வரிசையாகப் படிகள் உண்டு. 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இதற்காகவே வந்தது. அந்தச் சட்டத்தின் 16-வது பிரிவு இயற்கைப் பேரிடர் காலத்து வேலைகளுக்கு விலக்கு தருகிறது. இது நியாயமான விலக்குதான். கரை உடைந்து தண்ணீர் ஊருக்குள் வரும்போது டெண்டர் விளம்பரம் கொடுத்து முப்பது நாள் காத்திருக்க முடியாது.

ஆனால் டெண்டரிலிருந்து விலக்கு என்றால் எழுத்திலிருந்தே விலக்கு என்று ஆக்கிவிட்டார்கள். உத்தரவு போனில் வருகிறது. வேலை அன்று ராத்திரியே முடிகிறது. பிறகு "பின்னேற்பு" வாங்க வேண்டும். கோப்பு மேலே போகிறது. அங்கே உள்ளவர், "இது எந்தத் தலைப்பில் வரும்? பேரிடர் நிதியிலா, பொது நிதியிலா, பராமரிப்பிலா?" என்று ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்புகிறார். திரும்பி வரும்போது போனில் பேசிய அதிகாரிக்கு மாறுதல் வந்துவிடுகிறது. புதிதாக வந்தவர், "நான் சொல்லலையே, சொன்னவர்கிட்ட கேளு" என்கிறார். அவர் சொல்வதில் பொய் இல்லை. அதுதான் இந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனம்.

அளவு எடுப்பதிலும் இதே கதை. அவசர வேலை என்பது பாதி மணல் மூட்டை, கிராவல், சவுக்குக் கம்பு, ஜேசிபி மணிக்கணக்கு, டிராக்டர் நடைக்கணக்கு. கான்கிரீட் தளம் என்றால் டேப் பிடித்து அளக்கலாம். அடுத்த மழையில் கரைந்து போன மூட்டையை எப்படி அளப்பது? "ஸ்பாட்ல ஒண்ணுமே இல்லையே" என்கிறார் பொறியாளர். ஒன்றும் இல்லாமல் போனதற்குக் காரணம் அந்த மூட்டைகள் தண்ணீரைத் தடுத்ததுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி மூழ்கியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக் கிடந்தார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி நான்கு மாவட்டமும் ஒரே நேரத்தில் அடிபட்டன. மறு வருடம் 2024 டிசம்பர் 12, 13 தேதிகளில் தென்காசி, குற்றாலம் பக்கம் பெய்த மழையில் குற்றாலம் மெயின் அருவி, பஜார் வரை வெள்ளக்காடு. அதற்கு முன்னால் 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா, டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. அந்தக் கம்பங்களை நட வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் போனார்கள். அதில் நிரந்தர ஊழியர்களோடு தோள் கொடுத்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பாராட்டு விழாவிலும் சொல்லவில்லை.

ஒரு கணக்கு

நான் பார்த்த ஒரு விஷயம். ஊர், அலுவலகம், ஆள் பெயர் எதையும் எழுதவில்லை, எழுதினால் அந்த மனுஷனுக்கு மிச்சமிருக்கிற வேலையும் போய்விடும். காலனியைச் சேர்ந்த ஒரு சின்னக் காண்ட்ராக்டர். ஒரு மழைக்காலத்தில் வாய்மொழி உத்தரவை நம்பி ஓடைக்கரை உடைப்பு ஒன்றையும் சிறுபாலம் ஒன்றையும் சரி செய்தார். பதினோரு ஆள், நாலு நாள். செலவு மூன்று லட்சம். கையில் இருந்தது ஒரு லட்சம். மீதி இரண்டு லட்சம் மூணு வட்டிக்கு வாங்கினார், அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். நம் பக்கத்தில் இதைக் "குறைஞ்ச வட்டி" என்பார்கள்.

மாதம் 6,000 ரூபாய் வட்டி. பதினாலு மாதம் பில் வரவில்லை. வட்டி மட்டும் 84,000. இந்த வேலையில் பத்து சதவீதம் லாபம் நிற்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், 30,000. ஆக, பில் முழுசாகப் பாஸ் ஆனாலும் அவருக்கு 54,000 நஷ்டம். இதில் பில் எழுதக் கொடுத்தது, பாஸ் பண்ணக் கொடுத்தது எதையும் நான் சேர்க்கவில்லை.

இதே வேலையை முதல் ஆள் எடுத்திருந்தால்? அவர் வயல் பத்திரத்தை வங்கியில் வைத்து ஓடி வாங்கியிருப்பார். வட்டி வருடத்துக்குப் பத்து, பன்னிரண்டு சதவீதம். நம் ஆள் கொடுப்பது வருடத்துக்கு முப்பத்தாறு. காரணம் அவரிடம் அடமானம் வைக்க நிலம் இல்லை. நிலம் ஏன் இல்லை என்பதற்கு நான் சமூகவியல் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரே தாமதம், ஒரே பில், ஒரே அலுவலகம். ஒருவருக்கு அது லாபத்தில் ஒரு சின்ன வெட்டு. இன்னொருவருக்கு அது தொழிலுக்கே முடிவு. பணம் தாமதமாகிறது என்பதைச் சாதிக்குச் சம்பந்தமில்லாத நிர்வாகக் கோளாறு என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும். யாரும் திட்டம் போட்டுச் செய்யாமலே, இந்தத் தாமதம் நிலமில்லாதவனை வடிகட்டி வெளியே தள்ளுகிறது. ஐந்து வருடம் கழித்து "எஸ்.சி. காண்ட்ராக்டர் யாருமே வரமாட்டேங்கிறாங்க, தகுதியான ஆள் இல்ல" என்று அதே அலுவலகம் சொல்லும்.

கந்துவட்டி என்றால் நம் வட்டாரத்துக்கு என்ன அர்த்தம் என்று வெளியூர்த் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, மனுநீதி நாள். அச்சன்புதூருக்குப் பக்கத்து ஊரான காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு கூலித் தொழிலாளி, அவர் மனைவி, இரண்டு பிஞ்சுக் குழந்தைகள், நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே தீயில் எரிந்தார்கள். நான்கு பேரும் செத்துப்போனார்கள். வாங்கிய கடனுக்கு மேலேயே கட்டியும் விடாமல் விரட்டப்பட்டார்கள் என்பதுதான் அவர்கள் கொடுத்த மனுக்களின் சாரம். 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. அந்தக் குடும்பம் காண்ட்ராக்ட் எடுத்த குடும்பம் இல்லை. ஆனால் நேரத்துக்குக் கூலி வராத வீட்டுக்குள் முதலில் நுழைகிறவன் வட்டிக்காரன்தான் என்பது இந்த மண்ணுக்குத் தெரிந்த உண்மை. ஒரு அலுவலகம் பில்லை நிறுத்தி வைக்கும்போது அது ஒரு வட்டிக்காரனுக்கு வாடிக்கையாளரை அனுப்பி வைக்கிறது.

"மத்திய அரசு தரவில்லையே"

இந்தப் பதில் உடனே வரும். இதில் உண்மை இருக்கிறது. மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாடு கேட்டது சுமார் 37,907 கோடி ரூபாய். தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசு விடுவித்தது சுமார் 276 கோடி. நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. இந்த வஞ்சகத்தைக் கண்டிக்க எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி. அந்த 37,000 கோடி வரவில்லை என்பதற்காக எந்தப் பொறியாளருக்குச் சம்பளம் நின்றது? பார்வையிட வந்த வாகனங்களில் எந்த வண்டிக்கு டீசல் நின்றது? சிமென்ட் கம்பெனி கடனுக்கு மூட்டை கொடுத்ததா? மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்று ஒன்று இருக்கிறது. 75 சதவீதம் ஒன்றியம், 25 சதவீதம் மாநிலம் போடுகிற நிதி. அது பேரிடர் வந்தவுடன் எடுத்துச் செலவழிக்கத்தான். நிதி குறைவாக வந்தால் யாருக்கு முதலில் கொடுப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் வரிசையின் கடைசியில் நிற்பது மண்வெட்டி பிடித்த கை என்றால், அந்த வரிசையைப் போட்டவர்கள் டெல்லியில் மட்டும் இல்லை.

நூறு நாள் வேலையில் நாம் இதைப் பார்த்தோம். 2005-ம் ஆண்டுச் சட்டம் பதினைந்து நாளுக்குள் கூலி கொடுக்கச் சொன்னது, தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடும் சொன்னது. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய பாக்கி 4,034 கோடி என்று மாநில அரசே சொன்னது, அன்றைய ஆளுங்கட்சியான தி.மு.க. போராட்டம் நடத்தியது. சரியான போராட்டம். டெல்லியிடம் "பாடுபட்டவன் கூலியைக் கொடு" என்று கேட்கத் தெரிந்தவர்கள், தன் கீழே உள்ள அலுவலகங்களிடமும் அதே கேள்வியைக் கேட்க வேண்டாமா?

"காண்ட்ராக்டர்கள் எல்லாம் திருடர்கள்"

இது அடுத்த பதில். பேரிடர் பணத்தில் கொள்ளை நடக்கிறது, அதனால்தான் நிறுத்தி நிறுத்திச் சரிபார்க்கிறோம் என்பார்கள்.

கொள்ளை நடக்கிறது என்பதை மறுக்கவில்லை. கர்நாடகத்தில் 2021-ல் அந்த மாநில ஒப்பந்தக்காரர் சங்கமே பிரதமருக்குக் கடிதம் எழுதியது, வேலைத் தொகையில் 40 சதவீதம் வரை கமிஷன் கேட்கிறார்கள் என்று. 2022 ஏப்ரலில் பெலகாவியைச் சேர்ந்த ஒரு ஒப்பந்தக்காரர் உடுப்பியில் ஒரு விடுதி அறையில் செத்துக் கிடந்தார். ஊர்த் திருவிழாவுக்காக, வேலை உத்தரவு இல்லாமலே, சுமார் நான்கு கோடி ரூபாய்க்குச் சாலை வேலைகளைச் செய்து கொடுத்தவர். பில் வரவில்லை. குற்றச்சாட்டுக்கு ஆளான அமைச்சர் பதவி விலகினார். பிறகு போலீஸ் அவருக்கு எதிராக ஆதாரம் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. அந்த வழக்கின் முடிவு எதுவாக இருந்தாலும், அடியில் இருந்த ஏற்பாட்டைக் கவனியுங்கள்: வாய்மொழி உத்தரவு, முடிந்த வேலை, இல்லாத காகிதம். நாம் இங்கே பார்க்கிற அதே ஏற்பாடு.

தாமதம் ஊழலைத் தடுக்கிறது என்பது பொய். தாமதம்தான் ஊழலுக்குச் சந்தை. நேரத்துக்குப் பில் பாஸ் ஆகிற இடத்தில் "பாஸ் பண்ணித் தாரேன்" என்று எவன் காசு கேட்க முடியும்? கோப்பு எவ்வளவு நாள் மேசையில் கிடக்கிறதோ அவ்வளவுக்கு அதை நகர்த்துகிற விரலுக்கு விலை கூடும். கொள்ளையடிக்கிற பெரிய ஆளுக்கு இது தெரியும், அவர் மதிப்பீட்டிலேயே அதைச் சேர்த்துத்தான் போடுகிறார். நேர்மையாக மூட்டை அடுக்கிய சின்ன ஆளிடம் அந்தச் சேர்மானம் கிடையாது. அப்போ சரிபார்ப்பு என்ற பெயரில் யாரைப் பிடிக்கிறார்கள்? பிடிபடுகிறவனைத்தான்.

வெட்டி

சோழர் காலக் கல்வெட்டுகளில் "வெட்டி" என்று ஒரு சொல் வரும். கூலியில்லாமல் வாங்கப்படுகிற கட்டாய வேலை. இன்றைக்கு "வெட்டிப்பய" என்றால் வேலை வெட்டி இல்லாதவன் என்று அர்த்தம். சாகச் சாக வேலை பார்த்தவனின் பெயர் வேலை பார்க்காதவனுக்கு வசவாகிப் போனது. இந்த ஒரு சொல்லுக்குள் நம் வரலாறு பாதி அடங்கிவிடும்.

1858-ல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்துக்கு ஒரு கட்டாய வேலைச் சட்டம் கொண்டுவந்தான். வெள்ளத்தில் கரைகள் உடையும் ஆபத்து வந்தால், உடைப்பை அடைக்க ஊர் ஆட்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்கலாம். மராட்டியத்தில் மகர்கள் ஊருக்கும் அரசுக்கும் ராத்திரி பகல் பாராமல் செய்ய வேண்டியிருந்த வதன் ஊழியத்தை உடைக்க பாபாசாகேப் அம்பேத்கர் 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். கூப்பிட்ட நேரத்துக்கு ஓட வேண்டும், கேட்டால் கூலி என்று எதுவும் நிச்சயமில்லை என்ற நிலைமையைத்தான் அவர் அடிமைத்தனம் என்று கண்டார்.

பிறகு அரசியல் சட்டத்தில் 23-வது பிரிவு வந்தது. கூலியில்லா ஊழியத்தையும் கட்டாய உழைப்பையும் அது தடை செய்கிறது. பொதுக் காரியத்துக்காக அரசு கட்டாயச் சேவை விதிக்கலாம் என்று ஒரு விலக்கும் உண்டு, ஆனால் அதில் சாதியோ மதமோ வர்க்கமோ பார்க்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. 1982-ல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்குகிற உழைப்பு கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வறுமையின் கட்டாயமும் கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் உயிர்.

குறைந்த கூலியே கட்டாய உழைப்பு என்றால், பதினாலு மாதமாக வராத கூலிக்கு என்ன பெயர்? வெள்ளம் வடிந்த மறுநாள் செத்த மாட்டை எடுக்க, சாக்கடை அடைப்பை எடுக்க, சேறு வார எந்தத் தெருவுக்கு ஆள் அனுப்புகிறார்கள்? 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு வெளி மாவட்டங்களிலிருந்து வண்டி வண்டியாகக் கூட்டிப்போன தூய்மைப் பணியாளர்கள் யார்? "பொதுக் காரியம்" என்று வந்தால் முதலில் நம் தெரு, கூலி என்று வந்தால் கடைசியில் நம் தெரு. வெட்டி ஒழிந்துவிட்டது என்று எந்த முகத்தோடு சொல்வது?

கடல் கடந்தும் இதே படிக்கட்டு

2017-ல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவின் மின்சாரத்தை மொத்தமாகப் பிடுங்கியது. கம்பி இழுக்கப் போன கோப்ரா என்ற அமெரிக்கக் கம்பெனிக்கும் அந்தத் தீவின் மின் நிறுவனத்துக்கும் பாக்கித் தகராறு. லஞ்ச வழக்கும் வந்தது. 2024-ல்தான் சமரசம், சுமார் 18.8 கோடி டாலருக்கு. அத்தனை வருடம் வழக்காட அந்தக் கம்பெனிக்கு வக்கீல் படையும் பங்குச் சந்தையும் இருந்தன. நம் மேஸ்திரிக்கு ஏழு மாதம் தாங்காது.

இன்னொரு கதை நமக்கு இன்னும் நெருக்கம். 2005 கத்ரினா புயலுக்குப் பிறகு அமெரிக்க வளைகுடாக் கரையில் சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கம்பெனி, வெல்டிங், குழாய் வேலைக்கு இந்தியாவிலிருந்து சுமார் 500 பேரைக் கூட்டிப்போனது. நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை வாங்கித் தருகிறோம் என்று ஏஜென்டுகள் ஆளுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் பறித்தார்கள். போன இடத்தில் நெரிசலான முகாம், அதற்கும் கூலியில் பிடித்தம். 2008-ல் அவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து போராடினார்கள். 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி முதல் ஐந்து தொழிலாளர்களுக்கு 1.4 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. பிறகு மற்றவர்களுக்கும் சேர்த்து 2 கோடி டாலர் சமரசம், கம்பெனி திவால். புயல் எந்த நாட்டில் அடித்தாலும் படிக்கட்டின் கடைசிப் படியில் நம் முகங்கள் இருக்கின்றன. அவர்கள் ஜெயித்தது, தனித்தனியாக அழாமல் ஒன்றாகக் கிளம்பியதால்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாய்மொழி வேலைக்குக் காசு கேட்க உரிமையில்லை என்று எந்த அதிகாரியாவது சொன்னால் நம்பாதீர்கள். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவு தெளிவாக இருக்கிறது: இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் சட்டப்படி ஒரு வேலையைச் செய்து, அதன் பலனை இன்னொருவர் அனுபவித்தால், அனுபவித்தவர் ஈடு கொடுக்க வேண்டும். 1944-ல் வங்காளத்தில் ஆராம்பாக் என்ற ஊரில் அரசு அதிகாரிகள் கேட்டதற்காக ஒரு ஒப்பந்த நிறுவனம் கிட்டங்கி கட்டிக்கொடுத்தது. முறைப்படி ஒப்பந்தம் இல்லை என்று சொல்லி அரசு பில்லை மறுத்தது. பி.கே. மண்டல் வழக்கு என்ற அந்த வழக்கில் 1961-ல் உச்ச நீதிமன்றம் அரசின் அப்பீலைத் தள்ளி, பலனை அனுபவித்தாய், பணத்தைக் கொடு என்றது. பதினேழு வருடம் ஆனது என்பது வேதனை. ஆனால் சட்டம் நம் பக்கம்.

கூலிக்காரர்களுக்கு, 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21(4) பிரிவு, காண்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அந்தக் கொள்கை இருக்கிறது. ஆனால் 20 தொழிலாளர் என்று இருந்த வரம்பு 50 ஆகிவிட்டது. வெள்ள வேலைக்குப் போகிற நம் கூட்டம் பத்துப் பேர், பன்னிரண்டு பேர். அவர்கள் அன்றைக்கும் வெளியே, இன்றைக்கு இன்னும் தூரமாக வெளியே.

சிறு, குறு தொழில்களுக்கு 2006-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. 45 நாளுக்குள் பணம், தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. கேட்க நன்றாக இருக்கிறது. கட்டுமான ஒப்பந்த வேலை இந்தச் சட்டத்துக்குள் வராது என்று சில உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆக, பொருள் விற்கிறவனுக்கு வட்டியோடு பணம். மண் சுமக்கிறவனுக்குக் காத்திருப்பு.

நாம் கேட்பது

ஒன்று. அவசர வேலைக்கு வாய்மொழி உத்தரவு கொடுக்கிற அதிகாரி ஏழு நாளுக்குள் கையெழுத்துப் போட்டு வேலை உத்தரவு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பொறுப்பு அந்த அதிகாரியின் தலையில். வேலை செய்தவன் தலையில் கட்டக் கூடாது.

இரண்டு. பேரிடர் வேலையில் கூலிப் பங்கைத் தனியாகப் பிரித்துப் பதினைந்து நாளுக்குள் தொழிலாளியின் வங்கிக் கணக்கிலேயே போட வேண்டும். பொருள் செலவுக்கான தகராறைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மூன்று. நிலுவைப் பில் பட்டியலை ஒவ்வொரு உள்ளாட்சி அலுவலக வாசலிலும் தேதி வரிசைப்படி ஒட்ட வேண்டும். முன்னால் வந்த பில் முன்னால் பாஸ் ஆக வேண்டும். "அண்ணாச்சி" பில் பின்னால் வந்து முன்னால் போனால் ஊருக்கே தெரியட்டும்.

நான்கு. தாமதத்துக்கு வட்டி, கேட்காமலே.

ஐந்து. கர்நாடகத்தில் குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட அரசு வேலைகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15 சதவீதமும் பழங்குடியினருக்கு 6.95 சதவீதமும் சட்டப்படி ஒதுக்கப்படுகின்றன. 50 லட்சமாக இருந்த அந்த வரம்பைப் பிறகு ஒரு கோடியாக உயர்த்தினார்கள். சமூகநீதி மண் என்று நெஞ்சு நிமிர்த்துகிற தமிழ்நாட்டின் டெண்டர் சட்டத்திலும் அது வேண்டும். நேரத்துக்குப் பணம் என்ற உத்தரவாதத்தோடு வேண்டும். இல்லாவிட்டால் ஒதுக்கீடு நம் பிள்ளைகளை வட்டிக்காரனிடம் அனுப்புகிற வழியாகத்தான் முடியும்.

சட்டம் மாறும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். போனில் உத்தரவு வந்தால் அன்றைக்கே "தாங்கள் இன்று இத்தனை மணிக்குப் போனில் சொன்னபடி வேலையைத் தொடங்குகிறேன்" என்று ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் போடுங்கள். வேலைக்கு முன்னால், நடுவில், முடிந்த பிறகு தேதியோடு படம் எடுங்கள். யார் யார் எத்தனை நாள் என்று ஒரு நோட்டில் எழுதி ஆட்களிடம் கையெழுத்து வாங்குங்கள். டீசல் சீட்டு, ஜேசிபி சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். பணம் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி, "என் பில் இன்று எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து" என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். வேலை முடிந்து மூன்று வருடம் தாண்டினால் சிவில் வழக்குக்குக் காலாவதி வந்துவிடும். "பாத்துக்கிடலாம்" என்பதை நம்பி அந்த மூன்று வருடத்தைக் கரைத்துவிடாதீர்கள்.

மேஸ்திரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு மேலே இருக்கிறவன் உங்களை ஏமாற்றுகிறான் என்பது, உங்களுக்குக் கீழே வேலை பார்த்த சித்தாளை நீங்கள் ஏமாற்றுவதற்கு அனுமதி ஆகாது. அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். அவள் கூலி நோட்டும் உங்கள் பில்லும் ஒரே மனுவில் போகட்டும். தனியாகப் போனால் "ஏப்பா, அப்புறம் வா". ஐம்பது பேராகப் போனால் உள்ளே கூப்பிடுவார்கள்.

அடவிநயினார் அணை அடுத்த பருவமழையிலும் நிறையும். அனுமன் நதியில் தண்ணீர் வரும். எங்கேயாவது கரை உடையும். ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும். ஊர் மூழ்கும்போது போக மாட்டோம் என்று நாம் சொல்லப் போவதில்லை, நம் வீடும் அங்கேதான் இருக்கிறது. போகும்போது நோட்டையும் பேனாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போவோம்.

ஜெய் பீம்!